கை நோகும் சைக்கிள்

அத்தியாயம் 5

அன்று காலை சம்மந்தத்தை எழுப்பியது மீன் வாசனை. அதற்குப் பின்னாலேயே குரலும் வந்தது.

"நான் போடல. போட்டேன்னு சொல்ற வாயில புத்து வெக்க!"

கொல்லை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள் கலியம்மாள். ஊசுட்டேரிக் கரையில் குடிசை போட்டு, ஏரியில் பிடித்த விராலையும் கெண்டையையும் வில்லியனூர்த் தெருக்களில் விற்கிறவள். அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் பேரம் பேசாமல் வாங்குவார்கள்.

"இன்னாத்தப் போடல?" என்றான் சம்மந்தம், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"முள்ளு."

"யாரு போட்டேன்னது?"

"உங்க சைக்கிள் சபைதான். வெள்ளோட்டம் பாக்க வந்த சைக்கிளெல்லாம் என் வூட்டு முனையில பஞ்சராச்சாம். ரெண்டு தபாவும் அங்கியேதானாம். அதனால நான்தான் முள்ளு போட்டேனாம். நாளைக்குக் காலைல கடப்பாறையோட வந்து வூட்டப் பிரிக்கறாங்களாம். மேரில தாளு வாங்கிட்டாராம் அந்த உலகநாதன். ஏரிய வுட்டு நான் எங்க போறது? உங்க வூட்டு அடுப்படியில குந்திக்கட்டுமா?"

மேரி என்பது பிரெஞ்சுக்காரர் வைத்த கொம்யூன் ஆபீஸ், அதாவது ஊராட்சிக் கச்சேரி. அங்கிருந்து ஒரு தாள் புறப்பட்டுவிட்டால் வில்லியனூரில் அதற்கு எதிரே நிற்பவர் கிடையாது. மிராசுதார் உலகநாதன் அந்த ஆபீசில் ஓர் அங்கத்தினர் வேறு.

"அது எங்க சபை இல்ல. எங்க அண்ணியச் சேத்துக்க மாட்டேன்னு சொன்ன சபை," என்றான் சம்மந்தம்.

அண்ணி சிந்தாமணி அடுப்படியிலிருந்து வந்து நிலையருகே நின்றாள். முப்பத்தைந்து வயது. மெல்லிய குரல். ஒரு சொல் போதுமென்றால் இரண்டாவது சொல்லைச் சேமித்து வைக்கிறவள். காணாமல் போன மாடு, காணாமல் போன நகை, காணாமல் போன மாப்பிள்ளை என்று கொம்யூனில் எது தொலைந்தாலும் போலீஸ் சிப்பாயிடம் போவதற்கு முன் சனங்கள் அவளிடம்தான் வருவார்கள். சிப்பாய் கண்டுபிடிக்க மாட்டான் என்பது ஒரு காரணம். கண்டுபிடித்தால் திருப்பித் தரமாட்டான் என்பது இன்னொன்று. அவள் புருஷன், அதாவது சம்மந்தத்தின் அண்ணன், சைகோனில் ஒரு கப்பல் கம்பெனியில் எழுத்தர். போன வருஷம் அவன் மனைவிக்கு அனுப்பி வைத்தது பட்டுச்சேலை அல்ல. ஒரு பிரெஞ்சு சைக்கிள். சம்மந்தத்துக்கு மில்லில் வேலை போனதிலிருந்து அண்ணிக்கு உதவியாள் உத்தியோகம். உதவி எப்போதாவது செய்வான். வாய் மட்டும் ஓயாமல் வேலை செய்யும்.

"கலியம்மா, நீ செருப்பு போடுவியா?" என்று கேட்டாள் சிந்தாமணி.

"செருப்பா? இந்தக் காலப் பாத்தா செருப்பு கண்ட காலாட்டமா இருக்குது?"

"கூடை தலையில இருக்கறப்ப கீழ பாத்து நடப்பியா?"

"கீழ பாத்தா கூடை இன்னாத்துக்கு ஆவறது?"

"சம்மந்தம், சைக்கிள எடு," என்றாள் சிந்தாமணி.

கலியம்மாள் முகம் சுளித்தாள். "நான் வூடு போவுதுன்னு வந்தா, இந்தம்மா செருப்பக் கேக்குது."

"அதுக்கு அர்த்தம் இருக்கு ஆத்தா," என்றான் சம்மந்தம். "என் அர்த்தமில்ல, அவங்க அர்த்தம். எனக்கும் சாயங்காலம்தான் சொல்லுவாங்க."

வில்லியனூரில் சைக்கிள் வைத்திருந்த பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தியது துவிச்சக்கர சபை. சிந்தாமணி அதில் சேர விண்ணப்பித்தபோது, பெண்களுக்கு உடற்சமநிலை போதாது, விழுந்தால் சபைக்கு அவப்பெயர் என்று பதில் வந்தது. அந்தச் சபை இந்த 1936 ஜனவரியில் பெரிய காரியம் ஒன்றில் இறங்கியிருந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சு டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். காட்டுயிர்களில் அவருக்குப் பித்து. அவரைச் சரளை ரோட்டில் சைக்கிளில் அழைத்துப் போய், ஊசுட்டேரியில் பறவைகளையும், சேதராப்பட்டுப் பக்கம் மழை அரித்த செம்மண் ஓடைகளில் நரி, முயல், கீரி முதலியவற்றையும் காட்டுவதென்று தீர்மானம். தலைமை உலகநாதன். இந்தப் பயணத்துக்குச் சபை வைத்த பெயர் 'மலைப் பள்ளத்தாக்கு வனமிருக தரிசன துவிச்சக்கர யாத்திரை'. வில்லியனூரைச் சுற்றி மலை என்று சொல்லிக்கொள்ள உயரமான கறையான் புற்றுகூடக் கிடையாது. சபைக்கு அது ஒரு தடையாகத் தோன்றவில்லை.

முன்னால் பிரெஞ்சு சைக்கிளில் சிந்தாமணி, பின்னால் மில் நாளில் வாங்கிய பழைய சைக்கிளில் சம்மந்தம். ஊரைத் தாண்டியதும் சிவப்புச் சரளை. அதில் சைக்கிள் ஓட்டுவது பாதி மிதிப்பது, பாதி மன்றாடுவது. சக்கரம் ஒரு பக்கம் போக நினைக்கும், கல் வேறு பக்கம் அனுப்பும். களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, "ஏய், சைகோன்காரர் பொண்டாட்டி போவுது பாருடி!" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள். சிந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாளே தவிர மிதிப்பதை நிறுத்தவில்லை.

ஏரி தெரிந்தபோது சம்மந்தத்தின் தொடைகள் இரண்டும் எரிந்தன.

"அண்ணி, கொஞ்சம் நிறுத்துங்க. காலு ரெண்டும் என்னோடதா, அடுத்த வூட்டுக்காரனோடதான்னு தெரியல."

"ரொம்ப நோவுதா?"

"முழங்காலுக்கு மேல இருக்கறதெல்லாம் நோவுது."

"நல்லது," என்றாள் சிந்தாமணி. அதில் என்ன நல்லது என்று அவனுக்குப் புரியவில்லை.

கரையோரமாக வந்த ரோடு ஓரிடத்தில் திடீரென்று வளைந்தது. வளைவுக்கு இந்தப் பக்கம் சரளையெங்கும் நீளநீளமான கருவேல முள். வளைவுக்கு அப்பால் ரோடு கழுவிவிட்டதுபோல் இருந்தது. அப்பாலேதான் கலியம்மாளின் குடிசையும், ஒரு பெரிய இலுப்பை மரமும். ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில் நாரைகள் தங்கள் குடும்பச் சண்டைகளை நடத்திக்கொண்டிருந்தன.

"கலியம்மா தெனமும் ஊருக்கு வர்ற வழி எது?" என்று கேட்டாள் சிந்தாமணி.

"இதான். இது மேலதான்." சம்மந்தம் முள்ளைப் பார்த்தான். பிறகு கலியம்மாளின் வெறுங்கால் ஞாபகம் வந்தது. "ஓ! தலையில கூடையோட, கீழ பாக்காம, தான் போட்ட முள்ளு மேல தானே நடந்து வருவாளா? சபைக்காரனுக்குத்தான் இந்த யோசனை வரும்."

"அப்ப யாரு?"

"ஒட்டு போடற சைக்கிள் கடைக்காரன். பஞ்சரானா அவனுக்குத்தான் கொண்டாட்டம்."

"அவன் கல்யாணத்துக்குன்னு காரைக்கால் போயி மாசமாச்சு."

"சரி, அவன வுட்டுடுவோம். பாவம், கல்யாணமே போதும் அவனுக்கு."

சிந்தாமணி இலுப்பை மரத்தடிக்குப் போனாள். ஒரு குச்சியால் சருகை விலக்கினாள். ஒரு தடித்த சுருட்டுத் துண்டு. அதன் பக்கத்தில் ஒரு பீடித் துண்டு.

"சமபந்தி போஜனம் நடந்திருக்கு," என்றான் சம்மந்தம். "சுருட்டு உலகநாதனோடதுதான். இந்தத் தடிமன்ல வேற யாரும் பிடிக்கறதில்ல. வெள்ளோட்டத்தப்பெல்லாம் அவரு விடியறதுக்கு முன்னாடியே தனியாக் கெளம்பி வந்து இங்கதான் மத்தவங்களுக்காக நிப்பாராம்."

"தனியா வந்தவர் பக்கத்துல பீடி எப்படி வந்தது?"

சம்மந்தம் யோசித்தான். உலகநாதன் பக்கத்தில் பீடியோடு நிற்க அவருடைய நிழலுக்குக்கூடத் தைரியம் வராது.

"முள்ளு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பாத்தியா?" என்றாள் சிந்தாமணி. "போட்டவங்களுக்கு சைக்கிள் இங்க வரைக்கும் வரணும். இதுக்கு மேல போகக் கூடாது."

சைக்கிளை ஊர்ப்பக்கம் திருப்பினாள்.

மத்தியானம் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, உலகநாதன் வீட்டுக் கூடத்தில் யாத்திரைத் திட்டம் அமளிப்பட்டுக்கொண்டிருந்தது. சுவரில் பெரிய வரைபடம். வரைந்தவர் சபைக் காரியதரிசி சிவப்பிரகாசம், ஓய்வு பெற்ற வாத்தியார். படத்தில் பச்சை மையில் மூன்று மலைகள்.

"இந்த மலையெல்லாம் எப்ப வந்துது வாத்தியாரே? காலைல அந்தப் பக்கம் போனேன், அப்ப இல்லியே."

"அது குறியீடு," என்றார் சிவப்பிரகாசம் விறைப்பாக.

"எதுக்குக் குறியீடு?"

"மலைக்கு."

சபையின் அன்றைய தலையாய பிரச்சினை நரி. டாக்டர் வரும் நேரத்தில் நரி வராவிட்டால் என்ன செய்வது? முன்கூட்டியே ஒன்றைப் பிடித்து ஓடைக்குள் கட்டி வைக்கலாம் என்றார் ஓர் அங்கத்தினர். கட்டிய கயிறு தெரிந்தால் வனமிருகம் என்று எப்படிச் சொல்வது என்றார் இன்னொருவர். பச்சைக் கயிறு வாங்கலாம் என்று முடிவாயிற்று. எந்த மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும், வண்டல் எங்கே சக்கரத்தைப் பிடிக்கும் என்பதை ஒருவரும் பேசவில்லை. சிந்தாமணி படத்தின் முன்னால் சிறிது நேரம் நின்றாள். ஏரியின் மறுகரை ரோடு வருஷா வருஷம் மழையில் உடைகிற இடத்தில் ஒரு மலை நின்றது. அதைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை.

சிவப்பிரகாசம் காலை அகட்டி அகட்டி நடந்தார். அவரிடமிருந்து விளக்கெண்ணெய் வாசம் வீசியது.

"வெள்ளோட்டம் போனதுலேந்து இப்படித்தான்," என்று சம்மந்தத்திடம் முனகினார். "குந்த முடியல, எழுந்திருக்க முடியல. ஆனா தலைவரப் பாருங்க! எப்படி இருக்கார்!"

தலைவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மீசை. கால் மேல் கால் போட்டு, மேல் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, சைகோன் அம்மா. மீன்காரிக்கு வக்காலத்தா?"

"இல்லீங்க. பாதை எப்படி இருந்துதுன்னு கேக்கத்தான்." சிந்தாமணியின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "ரொம்பக் கஷ்டமா?"

"எனக்கா? பழகின உடம்பு. ஆனா ஒண்ணு, கை." உலகநாதன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். இரண்டிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. "சரளையில அந்தக் கம்பி நடுங்கற நடுக்கம் இருக்குதே, மணிக்கட்டே கழண்டுடும் போல."

"கால்?"

"காலுக்கு இன்னா? பூவாட்டம் இருக்குது."

அங்கத்தினர்கள் வியந்து தலையாட்டினார்கள். சிவப்பிரகாசம் தம் தொடையைத் தடவிக்கொண்டு, "அப்பியாசம்," என்றார் பக்தியோடு.

சிந்தாமணி விடைபெற்று வாசலுக்கு வந்தாள். தலைவரின் சைக்கிள் அங்கே பளபளவென்று சாய்ந்திருந்தது. பிரெஞ்சு வண்டி. அவள் குனிந்து முன் டயரைப் பூனையைத் தடவுவதுபோல் தடவினாள்.

"டயருக்கு மீசை இருக்கு," என்றாள்.

"சொந்தக்காரருக்கு இருக்கறப்ப அதுக்கு இருக்கக் கூடாதா?"

அவள் சிரித்தாள். அண்ணி சிரித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று சம்மந்தத்துக்குத் தெரியும்.

வாசலில் தலைவரின் புஷ் வண்டியும் நின்றிருந்தது. புதுச்சேரிப் பெரிய மனிதர்களின் வாகனம் அது. குதிரை கிடையாது, மாடு கிடையாது. ஓர் ஆள் பின்னாலிருந்து தள்ளுவான். உட்கார்ந்திருப்பவர் முன்சக்கரத்திலிருந்து வரும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, போகிற திசைக்குத் திருப்பிக்கொள்வார். அவ்வளவுதான் அவர் வேலை. வண்டியின் பின்பக்கம் புதிதாக ஒரு கயிறு சுற்றிக் கிடந்தது. மரத்தில் கறுப்புப் பெயிண்டின் கீறல். வண்டி தள்ளும் குழந்தைவேல் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து பீடி வலித்துக்கொண்டிருந்தான்.

சம்மந்தம் அந்தப் பீடியைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். "அண்ணி! பீடி!" என்று கிசுகிசுத்துவிட்டு, நேராகப் போய் அவன் எதிரே நின்றான். "இன்னாபா குழந்தை, ஏரிக்கரைக் காத்து எப்படி?"

குழந்தைவேலின் கை நின்றது. "எந்த ஏரி? எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. அவரு முன்னால, நான் பின்னால. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவரு முதுகுதான்."

"அந்த முதுகு எங்கெல்லாம் போச்சு?"

"வேணாம் சாமி. வூட்ல அஞ்சு வாயி இருக்குது."

சிந்தாமணி சம்மந்தத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் ரெண்டு கேள்வி அண்ணி, கக்கிடுவான்!"

"கக்கினா நாளைக்கே அவன் அடுப்பு அணையும். ஒரு வூட்டக் காப்பாத்த இன்னொரு வூட்டப் பிரிக்கணுமா?"

அப்போது உலகநாதன் வெளியே வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். பின்னால் திரும்பாமலே, "ம், தள்ளு," என்றார். வண்டி மேரிப் பக்கம் உருண்டது.

"நாளைக்குக் காலைல என் பம்ப்பையும் ஒட்டுச் சாமானையும் எடுத்துக்கோ," என்றாள் சிந்தாமணி.

"கடப்பாறைக்கு பம்ப் எதிர்த்து நிக்குமா அண்ணி?"

"நிக்கும்."

மறுநாள் காலை ஏரிக்கரையில் சபை முழுவதும் கூடியிருந்தது. அங்கத்தினர்கள் ஒருவரும் சைக்கிளில் வரவில்லை. ரோட்டில் முள் இருந்தது. கடப்பாறை பிடித்த ஆட்கள் நால்வர். கலியம்மாள் தன் குடிசை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, உலகநாதனின் ஏழு தலைமுறையையும் ஒருவர் விடாமல் விசாரித்துக்கொண்டிருந்தாள். தலைவர் வழக்கம்போல் எல்லாருக்கும் முன்னால் வந்து இலுப்பை மரத்தடியில் நின்றார். பக்கத்தில் சைக்கிள். அவர் எப்படி வந்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் கேட்கவில்லை. மிராசுதாரை அப்படியெல்லாம் கேட்பது வில்லியனூரில் வழக்கமில்லை.

"ஆரம்பிங்கப்பா," என்றார் உலகநாதன்.

"ஒரு நிமிஷம்ங்க," என்றது ஒரு மெல்லிய குரல்.

சிந்தாமணி சைக்கிளை நிறுத்திவிட்டு முன்னால் வந்தாள். இத்தனை ஆண்கள் தன்னைப் பார்ப்பது பிடிக்காமல் அவள் காதுமடல் சிவந்திருந்தது. ஆனாலும் பேசினாள்.

"நாளைக்கு டாக்டர் துரை வர்ற பாதை. வூட்டப் பிரிச்சா மட்டும் போதுங்களா? பாதை நல்லாருக்குன்னு எல்லாரும் பாக்க வேணாமா? இங்கேந்து அந்தப் பனைமரம் வரைக்கும் முள்ளு இல்ல. தலைவர் ஒரு தடவை ஓட்டிக் காட்டினா எங்களுக்கும் தைரியமா இருக்கும்."

"நல்ல யோசனை!" என்றார் சிவப்பிரகாசம். தலைவர் ஓட்டி அவர் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது போலிருந்தது. "நாங்க பாக்கற பாக்கியமே இதுவரைக்கும் அமையலியே!"

உலகநாதன் மீசையைத் தடவினார். "ஓட்டலாம். ஆனா டயர்ல காத்து இல்ல."

"பம்ப் இருக்கு," என்றான் சம்மந்தம்.

"உன் பம்ப் இதுக்குச் சேராதுடா. இது பிரெஞ்சு வால்வு."

"எங்க அண்ணி வண்டியும் பிரெஞ்சு வண்டிதாங்க. பம்ப்பும் அதோட கூடப் பொறந்தது." சம்மந்தம் அழுத்திப் பார்த்தான். டயர் கல்லாக இருந்தது. இருந்தாலும் மரியாதைக்கு இரண்டு முறை அடித்தான்.

"கையில கொப்புளம்."

"பனைமரம் பக்கத்துலதாங்களே."

"சாப்பிடாம வந்துட்டேன்."

"சுட்ட விரால் இருக்குது, தரட்டா?" என்று கத்தினாள் கலியம்மாள்.

கடப்பாறை ஆட்கள் கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டு வசதியாக உட்கார்ந்தார்கள். சும்மா பார்ப்பதற்கு நல்ல காட்சி என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அங்கத்தினர்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். யாரோ கைகூடத் தட்டினார்.

உலகநாதனுக்கு வேறு சாக்கு மிச்சமில்லை. ஒரு பெரிய கல்லின் மேல் காலை வைத்து, மூச்சு வாங்க, ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்ததும் அவர் முகம் தெளிந்தது. தோள் இறங்கியது. கைக்குத் தெரிந்த இடம் அது. நேராகப் பனைமரத்தைப் பார்த்தார்.

"ம், தள்ளு," என்றார்.

நாரைகள்கூட ஒரு கணம் வாயை மூடிக்கொண்டது போலிருந்தது.

சொன்னது இன்னதென்று அவருக்கே உறைப்பதற்குள், இலுப்பை மரத்துக்குப் பின்னால் முள்வேலி மறைவிலிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். குழந்தைவேல். எஜமானின் குரல் காதில் விழுந்ததும் அவன் கால்கள் அவனைக் கேட்காமலே ஓடி வந்துவிட்டன. இரண்டு கையையும் ஆசனத்தில் கொடுத்துத் தள்ளினான்.

சைக்கிள் அருமையாகப் போயிற்று. சரளையில் கைப்பிடி ஒரு நூல் விலகவில்லை. அப்படித் திருப்புகிறவர் அந்தக் கொம்யூனிலேயே கிடையாது. தலைவரின் கால்கள் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கின. பெடல்கள் யாருக்காகவோ காத்திருந்தன.

கலியம்மாளின் குடிசைக்கு நேரே வந்தபோது குழந்தைவேல் ஒரு முறை சுற்றிப் பார்த்தான். வரிசையாக நின்ற முகங்களைப் பார்த்தான். கடப்பாறைகளைப் பார்த்தான். வாசலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

மிராசுதார் கொஞ்ச தூரம் தனியாகப் போனார். அவர் ஆயுளில் தனியாகப் போன தூரம் அவ்வளவுதான். சைக்கிள் யோசித்தது, சாய்ந்தது, கரையிறங்கி ஏரிச் சேற்றில் அவரைப் பத்திரமாக இறக்கியது.

முதலில் சிரித்தது கடப்பாறை ஆட்களில் ஒருவன். பிறகு யார் என்று சொல்ல முடியாது.

"அண்ணி," என்றான் சம்மந்தம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நேத்தே சொல்லியிருந்தா நான் வேட்டிய இறுக்கிக் கட்டிக்கினு வந்திருப்பேன்."

"நீதானே சொன்ன? சைக்கிள் ஓட்டினா தொடை நோவும்னு. வாத்தியாருக்கும் அங்கதான் நோவு. இவருக்கு மட்டும் கை நோவுது. சரளையில கை மட்டும் வேலை செய்யற வண்டி எது?"

"புஷ் வண்டி!"

"புது டயர்ல ரப்பர் மயிர் நீட்டிக்கினு இருக்கும். சரளையில ஒரு தடவை ஓடினாலே உதிர்ந்துடும். இவர் டயர்ல ஒண்ணுகூடக் கொட்டல."

சிவப்பிரகாசம் விளக்கெண்ணெய் வாசத்தோடு அருகில் வந்து நின்றார். அவர் முகம், பள்ளிக்கூடத்தில் தப்புக் கணக்கைச் சரியென்று போட்டுவிட்ட வாத்தியார் முகம். "அப்ப, ரெண்டு வெள்ளோட்டமும்..."

"சைக்கிளைப் புஷ் வண்டிக்குப் பின்னால கட்டிக்கினு வந்து, இங்க இறக்கி வெச்சிக்கினு நின்னாருங்க. நீங்க வந்து சேர்ந்தா உங்க கூட ஓட்டியாகணுமே? அதான் முனைக்கு முன்னால முள்ளு. எல்லாருக்கும் பஞ்சர். எல்லாரும் தள்ளிக்கினே திரும்பினீங்க. அவரும் தள்ளினார். தள்ளறதுல வித்தியாசம் தெரியாது."

"அடப்பாவி மனுஷா!" கலியம்மாள் எழுந்தே விட்டாள். "ஓட்டத் தெரியலன்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கினு என் வூட்டப் பிரிக்க வந்தியா?"

உலகநாதன் சேற்றிலிருந்து எழுந்து வந்தார். மீசை ஒரு பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. வந்ததும் அவர் பார்த்தது குழந்தைவேலை.

"நன்றி கெட்டவனே! கைய எடுத்தியே! இன்னையோட உனக்கு..."

"வேணாங்க," என்றாள் சிந்தாமணி. குரல் உயரவில்லை. "அவன் கைய எடுத்ததால விழுந்தேன்னு சொன்னா, அவன் கை அங்க எதுக்கு இருந்துதுன்னு நாளைக்கு டாக்டர் துரை கேப்பாரு."

உலகநாதன் மீசையிலிருந்த சேற்றை வழித்தார்.

"சைக்கிள்லேந்து விழுந்து முழங்கால்ல அடின்னு சொல்லுங்க. பொய்யும் இல்ல. நீங்க புஷ் வண்டியில வரலாம், குழந்தைவேலே தள்ளுவான். துரைகிட்ட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அவள் சபையைப் பார்த்தாள். சபை தரையைப் பார்த்தது. "அவன் வேலையும் இந்த வூடும் இருக்கற வரைக்கும்."

பிறகு உலகநாதன் சட்டைப்பையில் கை விட்டு, மேரித் தாளை எடுத்தார். சேற்றில் நனைந்து அதுவே நான்காகப் பிரிந்திருந்தது. எட்டாகக் கிழித்துப் போட்டார். கடப்பாறை ஆட்கள் காட்சி முடிந்துவிட்டதே என்ற வருத்தத்தோடு எழுந்தார்கள்.

"ஆனா பாதை யாரு காட்டறது?" என்றார் சிவப்பிரகாசம் தயக்கத்தோடு. "மறுகரை ரோடு உடைஞ்சிருக்குன்னு வேற சொல்றாங்க."

"உங்க படத்துல அங்க மலை இருக்குதே வாத்தியாரே," என்றான் சம்மந்தம். "அது மேல ஏறிப் போங்க."

வாத்தியார் சிந்தாமணியின் சைக்கிளைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு அந்தப் பக்கம் வழி..." என்று இழுத்தார்.

"உடற்சமநிலை போதாதுங்க," என்றாள் சிந்தாமணி. சைக்கிளில் ஏறினாள். முள்ளைத் தொடாமல் ரோட்டின் விளிம்பில் வந்து நின்று, ஒரு காலை ஊன்றி, சம்மந்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அவன் உடனே கிளம்பவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது. நாளை டாக்டர் வருவதற்குள் முள்ளையெல்லாம் பொறுக்கியாக வேண்டும். கடப்பாறை ஆட்கள் அது தங்கள் வேலை இல்லை என்று போய்விட்டார்கள். துவிச்சக்கர சபையின் அங்கத்தினர்கள் ஒவ்வொருவராகக் கால்சட்டையை மடித்துக்கொண்டு சரளையில் குனிந்தார்கள். விளக்கெண்ணெய்த் தொடையோடு வாத்தியாரும் குனிந்தார். தலைவர் மட்டும் சேறு சொட்டச் சொட்ட, முள்ளையே பார்த்தபடி நின்றார்.

கலியம்மாள் தன் துடைப்பத்தை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"குனியவாச்சும் தெரியுமாய்யா, இல்ல அதுக்கும் பின்னால ஒரு ஆளு நின்னு தள்ளணுமா?"